அந்த ஊரை ஆள்வது யார்?

(திருக்குடும்பத் திருவிழா நாளில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)

இன்று திருஅவை இயேசு, மரியா, யோசேப்பு ஆகியோரின் திருக்குடும்பத் திருவிழாவைக் கொண்டாடுகிறது.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாள்கள் இவை. இந்த நாள்களில் பங்கு இல்லத்துக்கு வருகிற தாய்மார்கள் பலர் என்னிடம் சொல்வது ஒரே முறையீடு. "சாமி, எந்நேரமும் போனும் கையுமாவே இருக்கான். சாப்பிடக் கூப்பிட்டா காதுல விழல. என்ன விளையாட்டோ, என்ன எழவோ, ஒண்ணும் தெரியல. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

சொல்லலாம். ஆனால் அந்த முறையீட்டுக்குள்ளேயே ஒரு சொல் இருக்கிறது. "என்ன விளையாட்டோ தெரியல." இன்று நான் பேச விரும்புவது அந்தத் 'தெரியல' பற்றித்தான்.

இன்றைய நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரத்திலிருந்து வாசிக்கப்படுகிறது. ஏரோது குழந்தையைத் தேடி அழிக்கப் பார்க்கிறான் என்று தூதர் கனவில் சொல்கிறார். யோசேப்பு விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. இரவிலேயே எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகிறார். இந்தப் பகுதி நமக்கு நன்றாகத் தெரியும். கிறிஸ்மஸ் குடிலில் கழுதையின் மேல் மரியாவை அமர்த்தி, முன்னே யோசேப்பை நிறுத்தி வைத்திருப்போம்.

ஆனால் அதே பகுதியின் கடைசியில் ஒரு சிறு செய்தி உண்டு. அதை நாம் வேகமாகக் கடந்து போய்விடுகிறோம். ஏரோது இறந்த பிறகு யோசேப்பு திரும்பி வருகிறார். யூதேயாவுக்குப் போகலாம், பெத்லகேம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அங்கே இப்போது ஆள்வது யார் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஏரோதின் மகன் அர்க்கெலா என்று தெரிகிறது. அவன் கொடுமைக்குப் பெயர் போனவன், பின்னால் கி.பி. 6-ஆம் ஆண்டில் உரோமை அரசே அவனைப் பதவியிலிருந்து இறக்கி நாடு கடத்தியது. அங்கே போக யோசேப்பு அஞ்சுகிறார். கனவில் எச்சரிக்கப்பட்டு, கலிலேயாவுக்கு விலகிப் போய், நாசரேத்து என்ற சிற்றூரில் குடியேறுகிறார்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கலிலேயாவை ஆண்டவன் மட்டும் நல்லவனா? அவனும் ஏரோதின் மகன்தான், அந்திப்பா. பின்னாளில் திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டச் சொன்னவன் அவன்தான். ஆக, குறையே இல்லாத ஊர் யோசேப்புக்கும் கிடைக்கவில்லை. இருந்த ஊர்களில், பிள்ளை வளரத் தகுந்தது எது என்று விசாரித்து, கடவுளிடம் கேட்டு, அவர் தேர்ந்துகொண்டார். அதனால்தான் நம் ஆண்டவரை உலகம் நாசரேத்து இயேசு என்று அழைத்தது.

அன்பானவர்களே, நம் பிள்ளைகள் கைபேசியில் விளையாடுகிற விளையாட்டை நாம் ஒரு பொம்மை என்று நினைக்கிறோம். அது பொம்மை இல்லை, ஓர் ஊர். அதில் தெருக்கள் இருக்கின்றன, கடை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அக்கம் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளை ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் அங்கே குடியிருக்கிறான். அந்த ஊரை ஆள்வது யார் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

முதலில் என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். நானும் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிறு மறையுரையில் இந்த விளையாட்டுகளை எல்லாம் ஒரே மூச்சில் சாடினேன். பெற்றோருக்கு மிகுந்த மகிழ்ச்சி. திருப்பலி முடிந்து திருவுடை அறையில் உடை மாற்றும்போது பீடச்சிறுவன் ஒருவன் கேட்டான்: "சாமி, நீங்க சொன்னீங்கள்ல, அதுல எதையாவது விளையாடிப் பாத்திருக்கீங்களா?" இல்லை என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அப்பாவும் பாத்ததில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது இரண்டு நாள் என்னை உறங்கவிடவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். தாய் பீடி சுற்றுகிறவர். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தத் தட்டிலிருந்துதான் என்று உங்களுக்குத் தெரியும். கொரோனா காலத்தில் பள்ளி மூடியபோது, வகுப்பு கைபேசியில்தான் என்றார்கள். சீட்டு எடுத்து மகனுக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தார். வகுப்பு முடிந்தது, கைபேசி அவன் கையிலேயே தங்கிவிட்டது. ஒரு நாள் வங்கிக் கணக்கைப் பார்த்தால், மகள் படிப்புக்கு என்று வைத்திருந்ததில் பதினான்காயிரம் ரூபாய் இல்லை. விளையாட்டுக்குள் உடையும் துப்பாக்கிக்கு வண்ணமும் வாங்குவதற்காக நூறு, இருநூறு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. பணம் அனுப்பும் ரகசிய எண்ணை அம்மாவே ஒரு நாள் அவனிடம் சொல்லியிருந்தார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்று. அப்பா கைபேசியைத் தரையில் அடித்து உடைத்தார். பையன் அன்றிலிருந்து வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை.

நான் அவர்களிடம், "அது என்ன விளையாட்டு?" என்று கேட்டேன். இருவருக்கும் பெயர் தெரியவில்லை.

பிறகு பையனோடு தனியாகப் பேசினேன். பணத்தைப் பற்றி அவன் வெட்கப்பட்டான், அழுதான். ஆனால் அவன் சொன்ன இன்னொன்றுதான் என் மனத்தில் நிற்கிறது. "அங்க எனக்கு ஒரு பேரு இருக்கு சாமி. நான் வரலன்னா தேடுவாங்க. வீட்ல கடைக்குப் போகத்தான் கூப்பிடுவாங்க."

அந்த ஊரில் அவனை ஒருவர் பெயர் சொல்லி அழைத்தார். ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாக நம் ஆண்டவர் சொல்கிறாரே, அந்த அழைப்புக்கு ஏங்குகிற உள்ளம் அது. அந்த ஏக்கம் பாவமில்லை. அந்த ஏக்கத்தைக் காசாக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரை ஆள்கிறார்கள் என்பதுதான் ஆபத்து.

அப்படியானால் எல்லா விளையாட்டையும் தடை செய்துவிடலாமா? நம் அரசு சிலவற்றைத் தடை செய்துதான் பார்த்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. நம் தெருப் பிள்ளைகள் அடுத்த வாரமே வேறொன்றுக்குப் போனதை நானே பார்த்தேன். பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. எத்தனையோ குடும்பங்கள் கடனில் விழுந்து அழிந்த பிறகு அந்த வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது, நன்றி சொல்வோம். ஆனால் மற்ற வாசல்களில் நின்று இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்தான். அந்த வேலையை எந்தச் சட்டமும் நமக்காகச் செய்யாது.

விளையாட்டைத் திருஅவை ஒருபோதும் தீமை என்று சொன்னதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேராசிரியர் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் பெரிய இறையியல் நூலில் விளையாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டும், உள்ளம் களைத்தால் அதற்கும் ஓய்வு வேண்டும், அந்த ஓய்வுதான் விளையாட்டு என்கிறார். இதற்கு அவர் நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய ஒரு பழைய கதையை எடுத்துக்காட்டுகிறார். யோவான் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை யோவான் அழைத்து அம்பு எய்யச் சொன்னார். பல முறை எய்த பிறகு, "இப்படியே ஓய்வில்லாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா?" என்று கேட்டார். "முடியாது, வில் ஒடிந்துவிடும்" என்றான் அவன். மனித உள்ளமும் அப்படித்தான் என்றார் யோவான். விளையாட்டே வேண்டாம் என்கிற கடுமையையும் அக்குவினாஸ் ஒரு குறை என்றே சொல்கிறார்.

அவர் மூன்று எச்சரிக்கைகளையும் கொடுத்திருக்கிறார். கைபேசி என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதியவை. ஆனால் நம் வீட்டுக் கைபேசிக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன.

முதல் எச்சரிக்கை: அசிங்கமான, பிறருக்குக் கேடு செய்யும் செயலில் இன்பம் தேடக் கூடாது.

இதை எப்படிப் பார்ப்பது? அந்த விளையாட்டில் வெற்றி பெற என் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். ஒரு கதையில் தீயவன் வருவது வேறு. தீமையைச் செய்தால்தான் புள்ளி கிடைக்கும் என்பது வேறு. திருவிவிலியத்திலும் போர் வருகிறது, கொலை வருகிறது. ஆனால் காயீன் ஆபேலைக் கொன்றதைக் கேட்டு நாம் கை தட்டுவதில்லை. நம் பிள்ளை எதற்குக் கை தட்டப் பழகுகிறான்? வழிப்போக்கரை அடித்தால் பரிசு, பெண்ணை இழிவாகக் காட்டினால் சிரிப்பு, தோற்றவனைக் கெட்ட வார்த்தையால் திட்டினால் பெருமை என்று ஓர் ஊர் இருந்தால், அந்த ஊரில் அர்க்கெலா ஆள்கிறான். 2007-ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாளுக்கான செய்தியில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் குழந்தைகளையும் ஊடகத்தையும் பற்றியே எழுதினார். பொழுதுபோக்கு என்ற பெயரில் வன்முறையையும் உடலின் இழிவையும் உயர்த்திக் காட்டும் படங்களையும் வீடியோ விளையாட்டுகளையும் அவர் பெயர் சொல்லியே கண்டித்தார். அதே செய்தியில், நல்லதைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு முதலில் பெற்றோருடையது என்றும் நினைவூட்டினார்.

இரண்டாவது எச்சரிக்கை: உள்ளம் தன் நிலையை முழுவதும் இழந்துவிடக் கூடாது.

சில விளையாட்டுகளை முடிக்க முடியும். சதுரங்கம் ஆடினால் ஓர் ஆட்டத்துக்கு முடிவு உண்டு. கேரம் ஆடினால் காய்கள் தீர்ந்துபோகும். ஆனால் முடியவே கூடாது என்று செய்யப்பட்ட விளையாட்டுகளும் இருக்கின்றன. தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் எல்லாம் போயிற்று என்பார்கள். பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது, திறக்கப் பணம் கட்ட வேண்டும். பெயர் வேறாக இருந்தாலும் இது நம் ஊர்த் திருவிழாவில் ஓரமாக உட்கார்ந்து சக்கரம் சுற்றுகிறவனின் தொழில்தான். பெல்ஜியம் நாடு 2018-இல் இப்படிப்பட்ட பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. வெளியே வர வழி இல்லாத ஊரில் பிள்ளையைக் குடிவைக்காதீர்கள். 'இலவசம்' என்று எழுதியிருந்தால், இதை நடத்துகிறவர் எதில் பிழைக்கிறார் என்று கேளுங்கள்.

மூன்றாவது எச்சரிக்கை: ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும்.

ஆளுக்குப் பொருந்துவது என்றால் வயது. கைபேசியின் பிளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் கீழே 3, 7, 12, 16, 18 என்று வயது எண் போட்டிருக்கும். உள்ளே பணம் கட்டி வாங்கும் பொருள்கள் உண்டா என்பதையும் அங்கேயே சொல்லியிருப்பார்கள். படிக்கத் தெரியாத அம்மாவும் எண்ணைப் பார்க்க முடியும். 16 என்று போட்டதை ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். அந்த எண் மட்டும் போதாது; ஆனால் அது முதல் வாசல். இடத்துக்குப் பொருந்துவது என்றால், அந்த ஊரில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பது. முகம் தெரியாத பெரியவர்கள் நம் பிள்ளையோடு பேசவும் எழுதவும் முடியுமா? முடியும் என்றால் அந்தப் பேச்சு வசதியை அணைத்துவிடலாம். அல்லது தெரிந்த நண்பர்களோடு மட்டும் ஆடும்படி அமைக்கலாம். நேரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"சரி சாமி, எதைத்தான் கொடுக்கலாம்?" என்று கேட்பீர்கள். நான் பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். சதுரங்கம் கைபேசியிலும் கணினியிலும் காசில்லாமல் ஆட முடிகிறது. 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற குகேஷ் நம் தமிழ்நாட்டுப் பிள்ளை. மைன்கிராஃப்ட் என்று ஒன்று உண்டு. கட்டைகளை அடுக்கி வீடு, பாலம், ஊர் என்று கட்டலாம். சண்டையே இல்லாமல் கட்டுவதை மட்டும் செய்யும் முறையும் அதில் இருக்கிறது. நம் மறைக்கல்வி மாணவன் ஒருவன் அதில் நம் ஆலயத்தையே கட்டிக் காட்டினான். மணிக்கூண்டை நம் ஆலயத்தில் இருப்பதைவிட நேராகவே கட்டியிருந்தான்!

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது தம் மடிக்கணினியில் 'வெண்பா' என்ற விளையாட்டைக் காட்டினார். கனடாவின் டொராண்டோவில் செய்யப்பட்டு 2023-இல் வெளிவந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. அவருடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்துபோயிருக்கிறது. எஞ்சிய வரிகளை வைத்து இட்லி அவிப்பது எப்படி என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மகன் வளர வளரத் தாய்மொழியை விட்டும் தாயை விட்டும் விலகிப் போகிறான். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டு. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. அதில் சிலுவை இல்லை, திருவிவிலிய வசனம் இல்லை. ஆனால் அதைப் பார்த்து முடித்த அந்த இளைஞர் எழுந்துபோய்த் தம் அம்மாவோடு அடுக்களையில் உட்கார்ந்தார். ஒரு விளையாட்டு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஏற்றதா என்று தெரிந்துகொள்ள, அதில் புனிதர் படம் இருக்கிறதா என்று தேட வேண்டாம். அதை விட்டு எழுந்த பிறகு என் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். கனியைக் கொண்டே மரத்தை அறிய வேண்டும் என்று ஆண்டவர் சொன்னார். எழுந்து வந்து தங்கையிடம் சிரித்துப் பேசுகிறானா, எரிந்து விழுகிறானா? கண்டதை நம்மிடம் சொல்ல ஆசைப்படுகிறானா, திரையை மறைக்கிறானா?

இதைப் பார்ப்பதற்கு நாம் பக்கத்தில் இருக்க வேண்டுமே! நம் தாமிரபரணிக் கரையில் பிள்ளைக்கு நீச்சல் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? என் அப்பா படித்துறையில் உட்கார்ந்துகொண்டு "கையை அடி, காலை அடி" என்று கத்தவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, என் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கினார். எங்கே பள்ளம், எங்கே சுழல் என்று அவருக்குத் தெரியும். அவர் அந்த ஆற்றில் இறங்கியவர். ஆறு ஆபத்து என்று சொல்லி என்னை வீட்டில் பூட்டிவைத்திருந்தால், ஒரு நாள் தனியாக இறங்கி முழுகிப் போயிருப்பேன்.

சிறுவர்களின் தந்தையான புனித தொன் போஸ்கோவுக்கு இது தெரிந்திருந்தது. அவர் குட்டிக்கரணம் போட்டும் வித்தை காட்டியும் பிள்ளைகளைச் சேர்த்தவர். 1884 மே மாதம் உரோமையிலிருந்து தம் இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய நாள்களில் குருக்களும் ஆசிரியர்களும் விளையாட்டுத் திடலில் பிள்ளைகளோடு ஓடினார்கள், இப்போது ஒதுங்கி நிற்கிறார்கள், அதனால்தான் பிள்ளைகள் மனத்தைத் திறப்பதில்லை என்று வருந்தினார். பிள்ளைகள் நேசிப்பதை நாம் நேசித்தால், நாம் நேசிப்பதை அவர்கள் நேசிப்பார்கள் என்பது அந்தக் கடிதத்தின் கருத்து. திருத்தந்தை பிரான்சிசும் 2016-இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய 'அமோரிஸ் லெத்தீசியா' ஏட்டில் இதையே வேறு விதமாகக் கேட்டார்: பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறான் என்பதைவிட, அவன் உள்ளம் எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. பிள்ளை கண் முன்னால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். அவன் வேறு ஊரில் இருக்கிறான்.

ஆகவே, நடைமுறைக்குச் சில காரியங்கள் சொல்கிறேன்.

இந்த வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்காதீர்கள். நீங்கள் தோற்பீர்கள், அவன் சிரிப்பான், சிரிக்கட்டும். அப்போதுதான் அந்த ஊரை ஆள்வது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

நேரத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கூட்டாக ஆடும் விளையாட்டில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை போகும், நடுவில் நிறுத்த முடியாது. நடுவில் கைபேசியைப் பிடுங்கினால் அவனோடு ஆடுகிற நண்பர்களும் தோற்பார்கள். அதனால்தான் அவ்வளவு கோபம் வருகிறது. "இந்த ஆட்டத்தோடு முடி" என்று முன்னதாகச் சொல்லுங்கள், அடுத்ததைத் தொடங்க விடாதீர்கள். உள்ளே போய்ப் பார்த்தவருக்குத்தான் இப்படிச் சொல்லத் தெரியும்.

பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். இரவு செபமாலை சொல்லும் நேரத்தில் வீட்டின் எல்லாக் கைபேசிகளும் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். விடியும் வரை அங்கேயே இருக்கட்டும். எல்லாக் கைபேசியும் என்றால் அப்பாவுடையதும்தான். நாம் படுக்கையில் விரலால் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டுப் பிள்ளைக்குக் கட்டுப்பாடு சொன்னால் அது ஏறாது. யோசேப்பு இரவில் விழித்தெழுந்தது பிள்ளைக்காக.

கட்டுப்பாடு பிள்ளைகளால் முடியும் என்பதற்கு நமக்கு ஒரு புனிதரே இருக்கிறார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குத்திஸ், 15 வயதில் 2006-இல் இறந்த சிறுவர். கணினியில் வல்லவர். அவர் வீட்டிலும் பிளேஸ்டேஷன் இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று தமக்குத் தாமே எல்லை வைத்துக்கொண்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கருவி அவருக்கு வேலைக்காரனாக இருந்தது, எசமானாக இல்லை.

விளையாடுகிற பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. ஆனால் நிறுத்தவே முடியாமல், படிப்பு, சாப்பாடு, உறவு எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்ந்துகொண்டே இருந்தால், அதை உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் நோய்ப் பட்டியலில் ஒரு நோயாகவே சேர்த்திருக்கிறது. நோய்க்கு அடி மருந்தில்லை. 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தப் பீடித் தாயின் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. மகள் ஓர் ஆண்டு தாமதமாகத்தான் கல்லூரியில் சேர்ந்தாள். பையன் விடுமுறை நாள்களில் வேலைக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறான். அப்பா இப்போது சனிக்கிழமை மாலையில் அவனோடு கேரம் ஆடுகிறார். சில நாள் கைபேசியிலும் ஆடுகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றொரு நாள் நான் அந்த வீட்டுக்குப் போனபோது, அப்பா வெளியிலிருந்து வந்ததும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைக்குப் போகச் சொல்வதற்காக இல்லை. சும்மா, வந்துவிட்டேன் என்று சொல்வதற்காக.

அன்பானவர்களே, நற்செய்தியில் இயேசு ஓரிடத்தில் சந்தையில் விளையாடும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார். ஒரு கூட்டம் கல்யாண விளையாட்டுக்குக் குழல் ஊதுகிறது, மற்றவர்கள் ஆடவில்லை. சாவு விளையாட்டுக்கு ஒப்பாரி வைக்கிறது, மற்றவர்கள் அழவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் குறை சொல்கிற வார்த்தை வரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாசரேத்தின் தெருவில் அவரும் அந்த விளையாட்டை ஆடியிருப்பார். அந்தத் தெருவைத் தேர்ந்துகொடுத்தவர் யோசேப்பு. பிள்ளைகளின் விளையாட்டை நின்று கவனிக்கும் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண்ணை நமக்கும் கேட்போம்.

ஆண்டவரே, நாசரேத்தின் சிறு வீட்டில் வளர்ந்தவரே, எங்கள் பிள்ளைகள் குடியிருக்கும் ஊர்களை எங்களுக்குக் காட்டும். எதை மறுக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று அறியும் ஞானம் தாரும். அவர்கள் பக்கத்தில் உட்கார நேரமும் பொறுமையும் தாரும். யோசேப்பைப் போல விழித்திருக்கும் தந்தையரையும், மரியாவைப் போல உள்ளத்தில் வைத்துச் சிந்திக்கும் தாய்மாரையும் எங்கள் வீடுகளுக்குத் தந்தருளும். ஆமென்.